விழுந்தவர் விழித்தார்

2012 ஜனவரி 15 அன்று பி.பி.சி. ஒளிபரப்பிய அத்தியாயத்தில், லண்டன் செயின்ட் பார்த்தலோமியூஸ் மருத்துவமனைக் கூரையிலிருந்து ஷெர்லாக் ஹோம்ஸ் குதித்தார். வாட்சன் கண்ணெதிரே ரத்தம், அப்புறம் கல்லறை. கடைசி நொடியில் பார்த்தால், ஹோம்ஸ் சற்றுத் தள்ளி உயிரோடு நிற்கிறார்! தப்பியது எப்படி? லாரி, ரப்பர் பந்து என்று துப்புகளை அலசியே ரசிகர்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் போனது. கானன் டாயில் 1893-ல் சுவிஸ் அருவியில் தள்ளிய ஹோம்ஸ், 1903-ல் திரும்பி வந்து சொன்ன விடை சுருக்கம்: விழுந்தது எதிரி மட்டும்தான். அது நியாயமான ஆட்டம். 2014 புத்தாண்டில் சீரியல் சொன்னதோ காற்றுப் பை, வேறொரு பிணம், நாடித் துடிப்பை நிறுத்த அக்குளில் பந்து. ஹோம்ஸ் வாயாலேயே கேட்ட தடயவியல் ஆசாமி ஆண்டர்சனே நம்பவில்லை. இதற்காகவா இத்தனை நாள் தூக்கம் கெட்டோம்?