தொலைக்காட்சி வரலாறும் வாய்மொழிச் சான்றும்

தொலைக்காட்சி வரலாற்றுக்கு ஆவணங்களே போதும், முதியோர் நினைவு சான்றாகாது என்பாருளர். இக்கருத்து ஏற்புடையதன்று.

தில்லியில் 1959 செப்டம்பர் 15ஆம் நாளும், சென்னையில் 1975 ஆகஸ்ட் 15ஆம் நாளும் ஒளிபரப்புத் தொடங்கியது. தொடக்கக்கால நிகழ்ச்சிகள் பல நேரலையாகவே ஒளிபரப்பாயின. பதிவானவற்றுள்ளும் பல அழிக்கப்பட்டு, அதே நாடாவில் வேறு நிகழ்ச்சிகள் பதியப்பட்டன. எஞ்சிய கோப்புகள் நிகழ்ச்சியின் பெயரையும் நேரத்தையும் கூறும். நெருக்கடிநிலைக் காலத்தில் தொடங்கிய நிலையத்தில் எது, யாருடைய வாய்மொழி ஆணையால் விலக்கப்பட்டது என்பதைக் கூறா.

நினைவு பிறழும் என்பது உண்மையே. ஆயின் கோப்பும் அதிகாரியின் நோக்கில் எழுதப்பட்டதே. இரண்டையும் ஒப்புநோக்கித் தெளிதலே ஆய்வுநெறி. பாடவேறுபாடு கண்டு பதிப்பிக்கும் தமிழாய்வாளர்க்கு இது புதிதன்று. கதைப்பாடல்களை வாய்மொழியிலிருந்து பதிவுசெய்த ஆய்வுகளுக்குப் பட்டம் வழங்கும் தமிழ்த்துறைகள், ஒளிப்பதிவாளரின் வாய்மொழியை மட்டும் மறுத்தல் முரணாகும்.

அமெரிக்கத் தொலைக்காட்சிக் கழக அறக்கட்டளை 1990களின் பிற்பகுதி முதல் 900க்கும் மேற்பட்ட நேர்காணல்களைப் பதிவுசெய்துள்ளது. 1975இல் 25 அகவையில் பணியேற்றோர் இன்று 75ஐ எட்டிவிட்டனர். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இவர்தம் நேர்காணல்களை இனியும் காலந்தாழ்த்தாது பதிவுசெய்தல் வேண்டும்.