இடித்துக் கட்டினால்தான் பள்ளியா?

அரசுப் பள்ளிக் கட்டடம் பற்றி ஊராட்சி ஒன்றியக் கூட்டத்திலோ நகர்மன்றத்திலோ பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் ஒரே முடிவில் போய் நிற்கிறது: "பழசுக்குச் செலவு பண்ணுறது வீண். இடிச்சிட்டுப் புதுசாவே கட்டிடலாம்." கட்சி பேதமில்லாமல் மேசையைத் தட்டி ஆமோதிக்கும் கருத்து இது. தலைவருக்குக் கல்வெட்டு, ஒப்பந்ததாரருக்கு வேலை, பெற்றோருக்குப் புதுக் கட்டடம். எல்லோருக்கும் இனிக்கும் இந்த முடிவால்தான், நன்றாக இருக்கும் கட்டடங்களும் சில ஆண்டுகளில் இடிப்புப் பட்டியலுக்கு வந்து சேர்கின்றன. இதற்காகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் வாதம்: பிள்ளைகளின் உயிர் முக்கியம், அதனால் இடிப்பதே வழி.

இந்த அச்சம் நியாயமானது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். ஆபத்தானது என்று பொறியாளர் சான்றளித்த கட்டடத்தை ஒரு நாள்கூட விட்டுவைக்கக் கூடாது, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அந்த விபத்துகளைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். கும்பகோணத்தில் உயிர்களைக் குடித்தவை சமையற்கூடத் தீ, கீற்றுக் கூரை, நெரிசல், ஒடுங்கிய வழி. திருநெல்வேலியில் விழுந்தது கழிப்பறைச் சுவர். வகுப்பறைகளின் வயதை மட்டும் பார்த்து இடிப்புப் பட்டியல் போட்டிருந்தால் இவை இரண்டும் அதில் சிக்கியே இருக்காது. பிள்ளைகளைக் காப்பாற்றுவது ஆண்டுதோறும் நேரில் போய்ச் செய்யும் ஆய்வு. அது புதுக் கட்டடத்துக்கும் வேண்டும்.

இரண்டாம் வாதம்: மராமத்து என்பது ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர்.

எந்த மராமத்து என்று கேட்க வேண்டும். மேலே தளம் ஒழுக, கீழே சுவருக்கு வெள்ளையடிப்பதுதான் மராமத்து என்றால் அது வீண்தான். ஆனால் கான்கிரீட் தளம் ஒரே நாளில் கெட்டுவிடுவதில்லை. மொட்டை மாடியில் சருகு சேர்ந்து மழைநீர் போகும் குழாய் அடைபடுகிறது. தேங்கிய நீர் தட்டோட்டின் இடுக்கு வழியாக உள்ளே இறங்குகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்து, அடிப்பூச்சு பெயர்ந்து, கம்பி வெளியே தெரிகிறது.

முதல் கட்டத்தில் போதுமானது ஒரு விளக்குமாறும் இரண்டு ஆள் கூலியும். அடுத்த கட்டத்தில் தட்டோடு மாற்ற வேண்டும். அதற்கும் அடுத்து, துருவைச் சுரண்டிக் கம்பிக்கு மேல்பூச்சுக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் கோட்டைவிட்ட பிறகே இடிப்பு வருகிறது. நான்காவது கட்டத்தில் நின்றுகொண்டு மராமத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

மூன்றாம் வாதம்: பிள்ளைகளே குறைந்துவரும் பள்ளிக்கு எதற்குச் செலவு?

கல்வி உரிமைச் சட்டம் (2009) தன் அட்டவணையில் எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டடம், ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறை, ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சமையலறை, சுற்றுச்சுவர் ஆகியவற்றைக் கேட்கிறது. இத்தனை பிள்ளைகள் இருந்தால்தான் கழிப்பறை என்று அதில் எங்கும் இல்லை. குடிநீரும் கழிப்பறையும் எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் அமைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே உத்தரவிட்டது. தவிர, எண்ணிக்கை குறைவு என்பது இடித்துக் கட்டுவதற்கு எதிரான வாதமாகவே முடிகிறது. இருபது பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், இருக்கிற இரண்டு அறைகளை ஒழுகாமல் வைத்திருப்பதுதானே சிக்கனம்?

நான்காம் வாதம்: பளபளப்பாக இருந்தால்தான் தனியார் பள்ளிக்குப் போகிறவர்களை நிறுத்த முடியும்.

பாதி உண்மை. தோற்றத்தையும் பெற்றோர் பார்க்கிறார்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் அறிவிக்கப்பட்டதை வரவேற்கலாம். ஆனால் ஈரம் ஊறிய சுவரில் எந்தத் திரை எத்தனை நாள் ஓடும்? பெண் பிள்ளையைப் பெற்ற தாய் முதலில் கேட்பது கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்றுதான். தண்ணீர் இணைப்பும் துப்புரவாளரும் இல்லாமல் கட்டிய கழிப்பறை பூட்டியே கிடக்கும். அரசுக் கணக்கில் மட்டும் அது 'உண்டு'.

ஐந்தாம் வாதம்: மராமத்துக்கு நிதியே இல்லை.

இருப்பதிலேயே வலுவான வாதம் இதுதான். 2022-23 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் ரூ.7,000 கோடி, இலக்கு 18,000 புதிய வகுப்பறைகள். மறுபுறம், சமக்ர சிக்‌ஷா வழியாக 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு வரும் ஒருங்கிணைந்த மானியம் ஆண்டுக்கு ரூ.25,000. சாக்பீஸ் முதல் சில்லறைப் பழுது வரை எல்லாம் அதற்குள்தான். அதிலும் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைக்கு எடுத்துவைக்க வேண்டும். இதில் எங்கே தளம் போடுவது?

ஆக, பணம் இருக்கிறது, பராமரிப்பு என்ற கணக்குத் தலைப்பில்தான் இல்லை. தேடினால் வேறு வழிகளும் உண்டு. 15-ஆவது நிதிக்குழு, ஊராட்சிகளுக்கான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிப்போட்டது. நகராட்சிகளில் சொத்து வரியோடு கல்வி வரியும் வசூலாகிறது. தொடக்கக் கல்வி நிதி என்று தனிக் கணக்கே இருக்கிறது. அந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, எந்தப் பள்ளிக்குப் போனது என்று கேட்பது கவுன்சிலரின் வேலை.

மன்றங்கள் செய்ய வேண்டியது சிக்கலானதில்லை. ஏப்ரலில் பொறியாளர் ஒவ்வொரு பள்ளியின் மொட்டை மாடிக்கும் ஏறட்டும். மே விடுமுறையில் வேலை நடக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் கணக்கு முடியட்டும். ஆபத்தானதை இடிப்பது முதலில். அடுத்து ஒழுகல், தண்ணீர், கழிப்பறை, சுற்றுச்சுவர். பெயின்டும் அலங்கார வளைவும் கடைசியில். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். அவர்கள் தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை மன்றப் பொருளாக வைத்து விவாதிக்கலாம். புதுக் கட்டடத்துக்கு ஒதுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் பத்து ரூபாயைப் பராமரிப்புக்கென்று பூட்டிவைக்கலாம்.

இன்று ரிப்பன் வெட்டும் வகுப்பறைகளும் இருபது ஆண்டுகளில் பழைய கட்டடங்கள்தாம். அவற்றைப் பராமரிக்கப் பணம் ஒதுக்காத மன்றம், அவற்றை இடிப்பதற்கான எஸ்டிமேட்டுக்கும் இன்றே கையெழுத்துப் போட்டுவிடுகிறது.