கையைக் கேட்டுக் கருவி வாங்குவோம்



சென்ற மாதம் சிறுசேமிப்புக் குழுக்களின் கணக்குப் புத்தகம் பற்றிப் பேசினோம். இம்மாதம் பேசப்போவது மிகச் சிறிய ஒரு பொருளைப் பற்றி. தணலில் வாட்டும் இறைச்சிக்கு மேல் மசாலாவையும் எண்ணெயையும் தடவுகிறோமே, அந்தப் பிரஷ். "இதற்கும் ஒரு பக்கமா?" என்று கேட்பீர்கள். இந்தச் சிறு பொருளால் ஒரு பெண்கள் குழு உடைந்துபோகப் பார்த்தது. அதில் என் பிழையும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

கண்டி நகருக்கு வெளியே, கட்டுகஸ்தோட்டைப் பக்கமாக ஏழு பெண்கள் சேர்ந்து உணவு செய்து விற்கிறார்கள். வார நாட்களில் இடியப்பமும் சம்பலும். சனி, ஞாயிறில் ஓடர் எடுத்துத் தணலில் வாட்டிய கோழி. 2022இல் எரிவாயுவுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, சிரட்டைக் கரியில் சமைக்கத் தெரிந்த இவர்களுக்கு அது தொழிலாக மாறியது.

குழுவில் தணலைப் பார்ப்பவர் ஓர் அக்கா. அவருடைய பெற்றோர் 1977 கலவரத்திற்குப் பின் கண்டிப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்குப் போனவர்கள். பாதுகாப்புத் தேடிப் போன இடத்திலும் யுத்தம் வந்தது. 2009இல் ஷெல் வீச்சில் அக்காவின் வலக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. மற்ற விரல்கள் முழுதாக மடங்காது. மீண்டும் கண்டியில் உள்ள உறவினரிடம் வந்து சேர்ந்தார். நெருப்பின் சூட்டைப் பார்த்தவுடனேயே கணிக்கும் கண் அவருக்கு. ஆகவே அந்த வேலை அவருடையதாயிற்று.

நான் வாங்கிக் கொடுத்த பிரஷ்

அவர்கள் முதலில் கரண்டியின் நுனியில் துணி சுற்றித்தான் தடவினார்கள். தோசைக்கல்லுக்கு எண்ணெய் பூசத் துணி கட்டிய தடியையோ, பாதி வெங்காயத்தையோ நம் அம்மாமார் வைத்திருந்தார்களே, அதே பழக்கம். துணி சுகாதாரமில்லை என்று சொல்லி, ஒரு நாள் நான் வன்பொருள் கடையில் ஆறு பிரஷ் வாங்கிக்கொண்டு போனேன். சுவருக்கு வர்ணம் பூசும் பிரஷ். மலிவாக இருந்தது. நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீடு திரும்பினேன்.

மூன்றாவது வாரம் ஒரு வீட்டு விசேஷத்துக்கு அனுப்பிய கோழியில் மயிர் கிடந்தது. ஓடர் கொடுத்தவர்கள் பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். குழுவுக்குள் முணுமுணுப்புத் தொடங்கியது. "கை சரியில்லாதவரிடம் வேலையைக் கொடுத்தால் இப்படித்தான்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அக்கா இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

நான் அந்தப் பிரஷை எடுத்துக் கொதிநீரில் போட்டுப் பார்த்தேன். மயிரைப் பிடித்திருந்த பசை இளகி, கொத்துக் கொத்தாகக் கழன்று வந்தது. வர்ணப் பிரஷ் உணவுக்காகச் செய்யப்படுவதில்லை. சூட்டையும் எண்ணெயையும் அது தாங்காது. குற்றம் கையில் இல்லை, பிரஷில். பிரஷை வாங்கியவள் நான். அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் இதைச் சொன்னேன். சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அக்கா கோபப்படவில்லை. "தங்கச்சி, பிரஷைக் கொண்டுவந்து தந்தீங்கள். இந்தக் கை அதைப் பிடிக்குமோ எண்டு ஒருக்காக் கேட்டிருக்கலாம்" என்றார். மெல்லிய பிடியை இறுக்க முடியாமல் அவர் கையை நெருப்புக்கு மிக அருகில் கொண்டுபோயிருக்கிறார். முன்கையில் புதிதாகச் சுட்ட தழும்புகள் இருந்தன. நான் அவற்றைக் கவனித்திருக்கவே இல்லை.

சமூகவியல் வகுப்பில் "பயனாளிகளின் பங்கேற்பு" என்று பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அந்தக் கூட்டத்தில்தான் அதன் அர்த்தம் விளங்கியது.

அனகி அடுப்பு சொல்லும் பாடம்

இது புதிய பாடமும் அல்ல. உங்களில் பலர் அனகி அடுப்பைப் பாவித்திருப்பீர்கள். ஒரே நெருப்பில் இரண்டு பானை வைக்கும் களிமண் அடுப்பு. அதற்கு முன் சர்வோதய இயக்கம் பரப்பிய அடுப்பு இரண்டு துண்டுகளாக இருந்தது. வீட்டில் மண் பூசிப் பொருத்த வேண்டும். பின்னர் 1980களில் ஒரே துண்டாக, கடையில் வாங்கித் தூக்கிக்கொண்டு போகக்கூடியதாக அனகி வந்தது. இலட்சக்கணக்கான வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. சமைப்பவரின் சிரமத்தைக் குறைக்கும் மாற்றம்தான் அடுப்படியில் நிலைக்கும்.

வெளிநாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவரின் மனைவி பெற்சிக்கு மூட்டுவாதம். காய்கறித் தோல் சீவும் கருவியைப் பிடிக்க அவர் படும் பாட்டைக் கண்டு, தடித்த மென்மையான இறப்பர் பிடி வைத்த கருவிகளை 1990இல் 'ஒக்ஸோ' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். நோயுள்ள கைக்காகச் செய்த பிடி, நல்ல கைகளுக்கும் சுகமாக இருந்தது. ஆகவே எல்லோரும் வாங்கினார்கள்.

எங்கள் குழு சோதித்துப் பார்த்தவை

பின்வந்த வாரங்களில் பலவற்றையும் சோதித்தோம். முடிவை அக்காவும் மற்றவர்களுமே சொன்னார்கள்.

சிலிக்கோன் பிரஷ்: 200 பாகை செல்சியசுக்கு மேலும் சூடு தாங்கும். மயிர் கழலாது. சவர்க்காரமும் சுடுநீரும் போட்டு இலேசாகக் கழுவலாம். ஆனால் தண்ணீராக உள்ள மசாலா அதில் நிற்காது, வழிந்துவிடும். கெட்டியான குழம்புக்கு ஏற்றது. நேரே தணலில் வைக்கக்கூடாது.

நைலோன் பிரஷ்: மலிவு. ஆனால் சூடான கம்பியில் பட்டால் நுனி உருகும். தணல் வேலைக்கு வேண்டாம்.

இயற்கை மயிர்ப் பிரஷ்: மசாலாவை நன்றாகப் பிடிக்கும். ஆனால் இவற்றில் பல பன்றி மயிரால் செய்தவை. முஸ்லிம் வாடிக்கையாளர்களுக்கும் சமைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கேட்டு அறியாமல் வாங்காதீர்கள்.

எலுமிச்சம்புல் பிரஷ்: இதைச் சொல்லித் தந்தவர் அயலில் உள்ள ஒரு மலாய் அம்மா. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் சாத்தே வாட்டும்போது எலுமிச்சம்புல் தண்டாலேயே தடவுவார்களாம். நாம் சேரை என்று சொல்வதும் இதைத்தான். கண்டியில் வேலியோரத்தில் வளர்ந்து கிடக்கிறது. காசு இல்லை. வாசமும் கூடுதல்.

செய்யும் முறை இதுதான். தடித்த தண்டுகள் மூன்று அல்லது நான்கு எடுங்கள். காய்ந்த மேலோலையை உரித்துவிடுங்கள். அடிப்பக்கத்து வேரைச் சீராக வெட்டி, அந்த முனையில் மூன்று விரற்கடை நீளத்துக்கு அம்மிக் குழவியால் தட்டி நாராக்குங்கள். தண்டுகளைச் சேர்த்து வாழைநாரால் இறுகக் கட்டுங்கள். அதை ஒரு முழ நீள மூங்கில் தடியில் கட்டினால் கை நெருப்பிலிருந்து தள்ளி நிற்கும். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்துப் பாவித்தால் சீக்கிரம் கருகாது. ஒரு நாள் வேலைக்கு ஒன்று. முடிந்ததும் எறிந்துவிடுங்கள், மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

பிடியை மாற்றுவது எப்படி?

காயப்பட்ட, மூட்டு வலியுள்ள, உணர்ச்சி குறைந்த கைகளுக்குத் தடித்த பிடி வேண்டும். 3 முதல் 4 சென்ரிமீற்றர் தடிப்பு பலருக்கும் பொருந்தும். பழைய சைக்கிள் ரியூப்பை நன்றாகக் கழுவி, நாடாபோல் வெட்டி, பிடியில் இறுகச் சுற்றுங்கள். வழுக்காது. அது நெருப்புப் பக்கம் போகாமல் பிடியின் பின்பகுதியில் மட்டும் இருக்கட்டும்.

விரல்களே மடங்காதவர்கள், உள்ளங்கையைச் சுற்றி ஒரு துணிப்பட்டி தைத்து, அதில் சிறு பை வைத்து, பிடியை அதற்குள் செருகலாம். பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் உள்ள தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுகளில் இப்படியான உதவிகளைச் சொல்லித் தருவார்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒரு கையால் வேலை செய்பவர்கள் மசாலாக் கோப்பைக்குக் கீழே ஈரத்துணி விரித்தால் கோப்பை நகராது.

அக்கா தானே இன்னொரு மாற்றத்தைச் செய்தார். பிரஷின் தலையைச் சற்று வளைத்துக் கட்டினார். மணிக்கட்டைத் திருப்பாமலே தடவலாம். எனக்கு அது தோன்றியிருக்காது.

தடவும்போது மறக்கக்கூடாதவை

பிரஷ் எவ்வளவு நல்லதானாலும், தடவும் முறை பிழைத்தால் ஆபத்து. பச்சைக் கோழியில் வயிற்றோட்டம் உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம். கோழி ஊறிய மசாலாவிலும் அவை இருக்கும். வெந்த கோழிக்கு மேல் அதே மசாலாவைப் பூசினால் கிருமியையே பூசுகிறோம்.

1. தடவுவதற்கான மசாலாவை, கோழியை ஊறப்போடும் முன்பே வேறு கோப்பையில் எடுத்து வையுங்கள். ஊறிய மசாலாவையே பாவிக்க வேண்டுமானால் நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே பாவியுங்கள்.

2. இரண்டு பிரஷ் வைத்திருங்கள். பச்சை இறைச்சிக்கு உரியதில் சிவப்பு நூல், வெந்ததற்கு உரியதில் பச்சை நூல் கட்டுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் நிறம் விளங்கும். மரக்கறி வாட்டுவதற்கு மூன்றாவது ஒன்று இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவர்களுக்கு மன நிம்மதி.

3. கித்துள் பாணி, சீனி சேர்ந்த மசாலாவைக் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் தடவுங்கள். முதலிலேயே தடவினால் வெளியே கருகி, உள்ளே பச்சையாக இருக்கும். முதலில் எண்ணெய், உப்பு, மிளகு, தேசிப்புளி போதும்.

4. கோழியின் உட்பகுதி 74 பாகை செல்சியசுக்கு வர வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் தொடையின் தடித்த இடத்தை எலும்பு வரை வெட்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பு இருக்கக்கூடாது. வடியும் நீர் தெளிவாக இருக்க வேண்டும்.

5. கண்டி குளிர் ஊர் என்று நம்பி ஊறிய இறைச்சியை வெளியே வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம்.

குழு இன்று

பாதிப் பணம் பிடித்த அந்த வீட்டார் மீண்டும் ஓடர் தரவில்லை. வேறு சிலர் தருகிறார்கள். கடந்த பெரஹரா காலத்தில் நான் போனபோது, அக்கா மூங்கில் பிடியைப் பிடித்தபடி இரண்டு அடுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு கையைக் குறை சொன்ன சகோதரி அவருக்குப் பக்கத்தில் எலுமிச்சம்புல் தட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. அக்காவுக்குச் சொன்ன அந்த வார்த்தை மறந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இருவரும் ஒரே கோப்பையிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்தார்கள்.

சகோதரிகளே, யுத்தம் நம்மில் பலருடைய உடலை மாற்றிவிட்டது. கடையில் விற்கும் கருவிகள் நமது உடலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு வேலை முடியாமல் போனால் "என் கை சரியில்லை" என்று சொல்வதற்கு முன், "இந்தக் கருவி என் கைக்குச் சரியா?" என்று கேட்டுப் பாருங்கள். உதவிப் பொருட்களோடு வரும் எங்களைப் போன்றவர்களிடமும் அதைக் கேளுங்கள்.

உங்கள் கைக்கு ஏற்றபடி நீங்கள் மாற்றிய அகப்பை, கத்தி, திருவலை பற்றி எங்களுக்கு எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.