பிளாஸ்டிக்கின் பிறவிக் குணம் எங்கே போயிற்று?

"பிறவிக் குணம் மாறாது" என்பது, நம் நாட்டில் ஜாதியைக் காப்பாற்றப் புறப்படுகிறவர்களுக்கெல்லாம் கடைசிப் புகலிடமாக இருந்து வருகின்றது. சாஸ்திரம் பொய் என்று காட்டினால், வழக்கம் என்பார்கள். வழக்கம் அநியாயம் என்று காட்டினால், சுபாவம் என்பார்கள். "வேம்பு இனிக்குமா? இரும்பு மிதக்குமா?" என்று வாயில்லா வஸ்துக்களைச் சாட்சிக்கு இழுப்பார்கள். சரி, அந்த வஸ்துக்களில் ஒன்றையே கூண்டில் ஏற்றி விசாரித்துப் பார்ப்போம்.

மேல்சித்தாமூரில் உள்ள ஒருவர் செஞ்சிக் கடைவீதிக்குப் போய் வீட்டுக்கு மின்சாரக் கம்பி வாங்கினால், உள்ளே செம்பும் வெளியே பிளாஸ்டிக் உறையும் இருக்கும். செம்பு மின்சாரத்தைக் கடத்தும், பிளாஸ்டிக் கடத்தாது. அந்த நம்பிக்கையில்தான் நாம் கம்பியைத் தொடுகின்றோம். ஆகவே மின்சாரத்தைத் தடுப்பதுதான் பிளாஸ்டிக்கின் பிறவிக் குணம் என்றே பெரும்பாலோர் எண்ணி வந்தார்கள்.

1967இல் டோக்கியோவில் ஷிராகாவா என்பவர் வேலை செய்த சோதனைச் சாலையில் பாலிஅசெட்டிலீன் என்னும் பாலிமரைச் செய்யும்போது, வினையை ஊக்கும் மருந்து தவறுதலாக ஆயிரம் மடங்கு அதிகமாகச் சேர்ந்துவிட்டது. கருந்தூள் வரவேண்டிய இடத்தில், வெள்ளிபோல் பளபளக்கும் மெல்லிய ஏடு வந்தது. 1976இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஷிராகாவா, மெக்டயார்மிட், ஹீகர் ஆகிய மூவரும் கூடி அந்த ஏட்டில் அயோடினை ஏற்றினார்கள். அதன் மின்கடத்தும் சக்தி ஒரு கோடி மடங்கு பெருகிற்று. 2000ஆம் ஆண்டில் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அயோடின் அங்கே ஓர் அந்நியக் கலப்பு. நம் வைதீகர் பாஷையில் சொன்னால் "தீட்டு". அந்தத் தீட்டுப் பட்டதும் பிறவிக் குணம் எங்கே போயிற்று என்று கேட்கின்றோம்.

நிற்க, மின்சாரம் இந்த ஏட்டுக்குள் எப்படி ஓடுகின்றது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாலிமர் என்பது சிறுசிறு கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. இவ்வகைப் பாலிமரில் கரி அணுக்களுக்கிடையே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வருவதால், சில எலெக்ட்ரான்கள் ஓர் அணுவையே கட்டிக்கொண்டு கிடக்காமல் சங்கிலியில் பரவி நிற்கின்றன. அயோடின் ஓர் எலெக்ட்ரானைப் பறித்துக்கொண்டால், அங்கே ஒரு காலியிடம் உண்டாகும். சமபந்தியில் ஒருவர் எழுந்துபோனால், பக்கத்திலிருப்பவர் அந்த இடத்துக்கு நகர, அவர் இடத்துக்கு அடுத்தவர் நகர, காலியிடம் வரிசையின் மறுகோடிக்குப் போய்விடுகிறதல்லவா? அப்படித்தான் மின்னேற்றமும் சங்கிலியில் ஓடுகின்றது.

ஆனால் அந்த மெல்லிய ஏட்டுக்குள், சங்கிலிகள் இடியாப்பம்போல் பின்னிக் கிடக்கின்றன. ஒரு சங்கிலிக்குள் ஓட்டம் சுலபம். ஒரு சங்கிலியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதுதான் கஷ்டம். வழியில் குழிகளும் உண்டு. அவற்றில் விழுந்த மின்னேற்றம் எழுந்திருக்க நேரமாகும். சூடேறினால் செம்பில் ஓட்டம் குறையும். தாவித்தாவிப் போகும் இந்த ஏடுகளிலோ பெரும்பாலும் கூடும். கலப்பெல்லாம் நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவும் ஈரமும் பல ஏடுகளில் குழிகளை உண்டாக்குகின்றன. எது உதவும், எது கெடுக்கும் என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டுமேயொழிய, அதன் பிறப்பைக் கேட்டு அல்ல.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்றுண்டு. பாலிதயோபீன் வகை ஏடுகளில், குட்டைச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கி நிற்கின்றன. ஆனால் மின்னேற்றம் மெதுவாகவே நகர்கின்றது. நீளச் சங்கிலிகள் பார்வைக்கு அலங்கோலம், ஓட்டமோ அதிகம். ஏனென்றால், நீளச் சங்கிலி ஒன்று இந்த அடுக்கிலிருந்து அந்த அடுக்குக்குப் பாலமாக நிற்கின்றது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரும் பிறரும் 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதையே கூறிற்று: ஏடு முழுவதும் ஒரே ஒழுங்காக இருக்க வேண்டியதில்லை, சிறு அடுக்குகளை இணைக்கும் சங்கிலிகள் இருந்தால் போதும்.

"கண்ணுக்குத் தெரியாத மின்னேற்றத்தை நீங்கள் மட்டும் நம்பலாமா?" என்று சிலர் கேட்கலாம். மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணரின் மடம் உள்ள ஊர். வேதத்தையும் வேள்வியையும் ஒப்பாத சமணரிடம் நமக்கு மதிப்புண்டு. ஆனாலும் கர்மம் என்பது நுண்ணிய துகளாய் உயிரில் ஒட்டிக்கொண்டு பிறவிதோறும் தொடரும் என்று அவர்கள் மதமும் சொல்லுகின்றது. மின்னேற்றத்தை அளக்கக் கருவி உண்டு. டோக்கியோவில் அளந்ததைக் காரைக்குடியிலும் அளந்து சரிபார்க்கலாம். கர்மத்தை அளந்தவர் யார்? அளந்த கருவி எது?

காரைக்குடி என்றது வெறும் உவமைக்கல்ல. கோயில் திருப்பணிக்கே பணத்தைக் கொட்டி வந்த செட்டிநாட்டில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் எழுந்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கின்றது. பாலிஅனிலின் முதலிய மின்கடத்தும் பாலிமர்களைப்பற்றி அங்கே ஆராய்ச்சி நடந்திருக்கின்றது. அந்தப் பணம் ஒரு கோபுரத்துக்குப் போயிருந்தால், கோபுரங்களில் ஒன்று கூடியிருக்கும், அவ்வளவுதான்.

ஜாதியை ஒழிக்க நமக்கு இரசாயனத்தின் உத்தரவு வேண்டியதில்லை. மனிதன் பாலிமர் அல்ல. ஜாதி அநியாயம் என்பதே அதை ஒழிக்கப் போதும். ஆனால் வஸ்துக்களைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அந்தச் சாட்சியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு தெருவும் தனக்குள் சுத்தமாய், ஒழுங்காய், அடைத்துக்கொண்டு நிற்பதால் ஊருக்கு ஓட்டம் வராது. சேரிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும் பள்ளிக்கூடம், எல்லோரும் நுழையும் வாசகசாலை, ஜாதி பாராத கல்யாணம் ஆகியவைதான் நமக்குப் பாலமான நீளச் சங்கிலிகள். மேல்சித்தாமூர்ப் பிள்ளை ஒன்று காரைக்குடிச் சோதனைச் சாலைவரை போவதற்கு இவை வேண்டும். இவற்றை வெட்டிவிட்டு, "உன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுவது அயோக்கியத்தனமேயாகும்.