தடையுத்தரவே இல்லாத தடை

அமெரிக்க நடிகர் பிலிப் லோப்பின் கதையைப் பேசத் தொடங்கினால், "அரசாங்கம் அவரைத் தடைசெய்யவில்லையே. ஒரு கம்பனி தன் பணத்தைத் தான் விரும்பிய இடத்தில் செலவிட்டது. இதில் என்ன அநீதி?" என்று கேட்போர் இன்றும் உளர். பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதைவிடப் பொல்லாத வாதத்தை நான் கேட்டதில்லை.

லோப் அடிப்படையில் மேடை நடிகர். நியூயோர்க்கின் புரோட்வே அரங்கில் நீண்டகாலம் நடித்தவர். நடிகர் சங்கத்தில் முன்னின்று, ஒத்திகை நாட்களுக்கும் ஊதியம் வேண்டும் எனப் போராடியவர். 1949இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'த கோல்ட்பேர்க்ஸ்' தொடர் ஆரம்பமானபோது, யூதக் குடும்பமொன்றின் தலைவரான ஜேக் பாத்திரம் அவரை வீடுதோறும் அறிமுகப்படுத்தியது.

1950 ஜூனில் 'ரெட் சனல்ஸ்' என்ற சிறுநூல் வெளியானது. வானொலி, தொலைக்காட்சித் துறைகளைச் சேர்ந்த 151 பேரை அது கொம்யூனிஸ்ட் சார்பாளர்களென அடையாளமிட்டது. அதனை வெளியிட்டது அரசன்று, எப்.பி.ஐ.யின் முன்னாள் அலுவலர் மூவர் தொடங்கிய தனியார் நிறுவனம். குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை, சாட்சி இல்லை. லோப்பின் பெயரும் அதிலிருந்தது. தாம் கட்சி உறுப்பினரல்லர் என அவர் மறுத்தார். மறுப்பைக் கேட்க அங்கே நீதிபதி எவரும் இருக்கவில்லை.

தொடரின் கர்த்தாவும் நாயகியுமான கேர்ட்ரூட் பேர்க் அவரை நீக்க மறுத்தார். 1951இல் சிறந்த நடிகைக்கான எமி விருது பேர்க்குக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் அனுசரணையாளரான ஜெனரல் பூட்ஸ் விலகிக்கொண்டது. நிகழ்ச்சி தோற்றுவிட்டதால் விலகியது என்று சொல்ல யாருக்கேனும் துணிவுண்டா? 1952இல் தொடர் என்.பி.சி.யில் மீண்டும் வந்தபோது லோப் அதில் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அதே 1952இல் புரோட்வே மேடை அவருக்கு வேடம் கொடுத்தது. பார்வையாளர் வாங்கும் நுழைவுச்சீட்டில் நாடகம் வாழ்ந்தது. சவர்க்காரமும் கோப்பியும் விற்பவரின் தயவில் தொலைக்காட்சி வாழ்ந்தது. ஆகவே மக்கள் அவரை நிராகரித்தார்கள் என்பது பொய். மக்களுக்கு அஞ்சுவதாகச் சொல்லிக்கொண்டு, சில கடிதங்களுக்கு அஞ்சியவர்களே அவரை நிராகரித்தார்கள்.

மனநோயுற்ற மகனின் மருத்துவச் செலவையும் சுமந்துகொண்டிருந்த லோப், 1955 செப்டெம்பர் 1ஆம் திகதி நியூயோர்க்கின் டாவ்ட் ஹோட்டலில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அவரது நண்பரும், தாமும் கறுப்புப் பட்டியலுக்கு இரையானவருமான ஸீரோ மொஸ்டல், 1976இல் 'த ஃப்ரண்ட்' படத்தில் அந்த முடிவை நினைவூட்டும் பாத்திரத்தில் நடித்தார்.

இதே போன்ற பட்டியல்காரர்களால் தொழிலை இழந்த வானொலி அறிவிப்பாளர் ஜோன் ஹென்றி ஃபோக் வழக்குத் தொடுத்து, 1962இல் வென்றார். ஒரு நீதிமன்றம் சாட்சியங்களைக் கேட்டதும் பட்டியலின் அதிகாரம் ஆட்டங்கண்டது. லோப்புக்கோ அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

அரச தணிக்கையாளன் கையொப்பமாவது இடுவான். அவனை எதிர்த்து மேன்முறையீடு செய்யலாம். கையொப்பமிடாத தணிக்கையாளனை எந்த நீதிமன்றில் நிறுத்துவது? 'அவர்களின் பணம், அவர்களின் விருப்பம்' என்போர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.