ஏடு பெயர்த்தல்

பாடாலூர் உழவர் ஒருவர் தம் பட்டாவை இன்று ‘தமிழ் நிலம்’ மென்பொருள் வழியே இணையத்தில் காணலாம். நல்லதே. ஆனால் கணினியில் ஏறியது நிலமல்ல. நிலத்தைப் பற்றிய எழுத்து.

1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பிழையாகப் பதிவான பெயர்களும் பரப்பளவுகளும் பலவிடத்தும் அப்படியே புதிய தளத்திற்குக் குடிபெயர்ந்தன. தாளில் அது எழுத்தர் பிழை. திரையில் அதுவே சான்று. திருத்தக் கோரிப் பழைய பத்திரங்களுடன் வட்டாட்சியர் அலுவலகப் படியேறுபவரோ உழவர்.

அரியலூரிலும் குன்னத்திலும் இளமையில் தமிழ் கற்ற உ.வே.சா., ஒரு சுவடியை மட்டும் நம்பிப் பதிப்பித்தாரில்லை. பல சுவடிகளை ஒப்புநோக்கினார். தரவு பெயர்ப்போருக்கும் அதுவே நெறியாகட்டும். மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது அவர்தம் பணி; உழவரின் தலைச்சுமையன்று. அதுவரை பழைய ‘அ’ பதிவேட்டைக் கழிவுத்தாளாக எண்ணாதிருப்போம்.