உங்கட திரையில இருக்கிறது யாற்ற மலை?

போன வருசம் எங்கட குழுவில சும்மா கிடந்த ஒரு பழைய மேசைக் கணினியையும் இரண்டு மடிக்கணினிகளையும் தூசி தட்டி எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அயலில் உள்ள பிள்ளைகளுக்குப் படம் திருத்தப் பழக்குவது எண்டு திட்டம். முதல் நாள் பழைய கணினியைப் போட்டதும் அந்தப் படம் வந்து நிண்டது. பச்சை மலை, நீல வானம், கொஞ்ச வெள்ளை முகில். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, இது எந்த இடம்? நுவரெலியாப் பக்கமோ?"

எங்களில் ஒருத்தருக்கும் பதில் தெரியேல்லை. நெட்கபேயில, பள்ளிக்கூடக் கணினி அறையில, ரியூட்டரிக் கந்தோரில எண்டு வருசக்கணக்காப் பார்த்த படம். எங்கட வீட்டு முற்றத்தைவிட அந்த மலையைத்தான் கூடப் பார்த்திருப்பம் போல. ஆனா அது எங்க இருக்கு, ஆர் எடுத்தது எண்டு ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு தேடிப் பார்த்தோம். சாள்ஸ் ஓ'ரியர் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் 1996 ஜனவரியில் கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில் எடுத்த படம் அது. காதலியைப் பார்க்கப் போகும் வழியில் காரை நிப்பாட்டி, ஃபிலிம் கமராவில் எடுத்திருக்கிறார். அந்த மலை முதலில் திராட்சைத் தோட்டம். பூச்சி பிடிச்ச கொடிகளை அகற்றி, புல்லு முளைச்சிருந்த காலத்தில்தான் அவர் அந்தப் பக்கம் போயிருக்கிறார். பிறகு மைக்ரோசொஃப்ட் அதன் உரிமையை வாங்கி, 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் போட்டது. நாங்கள் எல்லாரும் அது கணினியில் கீறின படம் எண்டுதான் நினைச்சிருந்தோம். இல்லை. தான் அதைக் கணினியில் மாற்றவில்லை என்று எடுத்தவரே சொல்லியிருக்கிறார். ஒரு மனுசன் போற வழியில் கண்ட இடம், அவ்வளவுதான்.

அண்டைக்கே எங்களுக்குள்ள ஒரு முடிவு வந்தது. படம் திருத்தப் பழகத் தொடங்கிறவர் முதலில் செய்யவேண்டியது தன்ர கணினிக்கான வோல்பேப்பர்; அதுவும் தான் எடுத்த படத்தில.

எங்கட ஊர்களில் பெரும்பாலும் பெடியள் தொடங்கிறது பிறந்தநாள் வாழ்த்துப் படத்தில. ஒரு முகத்தைச் சுற்றி வெட்டி, பின்னால நெருப்போ சிறகோ வைச்சு, பெயரைத் தங்கநிறத்தில் போட்டு முடிச்சால் 'டிசைனர்' ஆகிவிடலாம். அதைக் குறைவாகச் சொல்ல வரேல்லை. அதில உழைக்கிற ஆக்களும் இருக்கினம். ஆனா அங்க பழகிறது அலங்காரம் மட்டும். அடுத்த நாள் அந்தப் படத்தை ஒருத்தரும் பார்க்கப் போறதில்லை, அதால பிழையும் தெரியாது. வோல்பேப்பர் அப்பிடியில்லை. நீங்கள் செய்ததை நீங்களே ஒவ்வொரு நாளும் பார்க்கவேணும். நிறம் கூடினால் இரண்டாம் நாளே கண் உளையும். எழுத்துப் பெருத்தால் மூன்றாம் நாள் வெறுக்கும். அந்த வெறுப்புத்தான் நல்ல வாத்தியார்.

மென்பொருள் பற்றி முதலில் கதைப்பம். "போட்டோசொப் இல்லாமல் எப்பிடி?" எண்டு எல்லாரும் கேட்டார்கள். எங்களுக்குத் தெரிஞ்ச அரைவாசிக் கணினிகளில் இருக்கிற போட்டோசொப் களவாக உடைச்சுப் போட்டது. வைரசும் அதோட சேர்ந்து வாறது தனிக்கதை. நாங்கள் கிம்பைத் தெரிவு செய்தோம். பேர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் 1995 இல் தொடங்கின வேலை அது. இண்டைக்கும் இலவசம், மூலநிரலும் எல்லாருக்கும் திறந்தது. 2025 மார்ச்சில் 3.0 வந்தது. விண்டோசிலும் ஓடும், லினக்சிலும் ஓடும். முதல் இரண்டு கிழமை அதன் பொத்தான்கள் எரிச்சலைத் தரும் என்பதை மறைக்கத் தேவையில்லை. மூன்றாம் கிழமை கை பழகிவிடும்.

இனி அளவு. பெரும்பாலான திரைகள் இண்டைக்கு 16:9 விகிதம். 1920×1080 அல்லது பழைய மடிக்கணினி எண்டால் 1366×768. ஆனா கைபேசிக் கமரா வழமையாக 4:3 இல்தான் எடுக்கும். 4000×3000 பிக்சல் படத்தை 16:9 ஆக வெட்டினால் 4000×2250 தான் மிஞ்சும். உயரத்தில் கால்வாசி போயிடும். ஆகவே எடுக்கும்போதே மேலும் கீழும் இடம் விட்டு எடுக்கவேணும். கைபேசியை நிமிர்த்திப் பிடிச்சு எடுத்தால் படத்தில் பாதிக்கு மேல் வெட்டுப்படும். எங்கட பிள்ளைகள் முதல் நாள் கொண்டுவந்த படங்களில் முக்கால்வாசி இப்பிடித்தான் வீணாகின. ஒருத்தரும் பேசத் தேவைப்படேல்லை. அடுத்த கிழமை எல்லாரும் கைபேசியைப் படுக்கையாகப் பிடிச்சார்கள்.

இன்னொண்டு, வட்ஸ்அப்பில் வந்த படத்தை எடுக்காதீங்கோ. அது அனுப்பும்போதே படத்தைச் சுருக்கிவிடும். 800×450 படத்தை 1920×1080 ஆக இழுத்தால், தேவையான பிக்சலில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்குதான் உண்மையானது. மிச்சம் மென்பொருள் ஊகிச்சு நிரப்பினது. படம் புகைமண்டலமாகத் தெரியிறது அதாலதான். அனுப்பத்தான் வேணும் எண்டால் 'டொக்யூமென்ட்' ஆக அனுப்பினால் அளவு மாறாமல் போகும்.

வெட்டினதுக்குப் பிறகு வெளிச்சம். விண்டோசில் கோப்புகளின் சின்னங்கள் இடது பக்கத்தில் நிரையாக நிற்கும். அந்தப் பக்கத்தில் ஒரு முகமோ கோபுரமோ இருந்தால் எல்லாம் சின்னத்துக்குக் கீழ மறைஞ்சிடும். ஆகவே முக்கியமானது வலப்பக்கம் வரவேணும், இடது பக்கம் அமைதியாக இருக்கவேணும். அமைதியான இடம் படத்தில் இல்லையெண்டால் புதிசா ஒரு லேயர் திறந்து, கறுப்பில் தொடங்கி ஒண்டுமில்லாமல் கரையிற நிறச்சாயலை இடது பக்கத்தில் இழுத்து, லேயரின் அடர்த்தியைப் பாதியாகக் குறைச்சுப் பாருங்கோ. லேயர் எண்டால் என்ன என்பதை நாங்கள் கரும்பலகையில் அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தி ஒருத்தருக்கும் விளங்கேல்லை. இந்த ஒரு நிழலைப் போட்டு, கண் அடையாளத்தை அமத்தி மறைச்சுக் காட்டினதும் எல்லாருக்கும் விளங்கிச்சுது. கிம்பில் சேமிச்சால் லேயரெல்லாம் எக்ஸ்சிஎஃப் கோப்பில் அப்பிடியே இருக்கும். திரையில் போட வேறாக ஏற்றுமதி செய்து பிஎன்ஜி அல்லது ஜேபெக் எடுக்கவேணும். மூலத்தை மட்டும் அழிச்சிடாதீங்கோ.

பிறகு தமிழ் எழுத்து. வோல்பேப்பரில் எழுத்து வேணுமோ எண்டு எங்களுக்குள்ளேயே சண்டை. வேணுமெண்டால் யூனிகோட்டில் எழுதுங்கோ எண்டுதான் கடைசியில் முடிவானது. பாமினியில் தட்டினது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கற்றமரான், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசமாகவே கிடைக்குது. கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிண்டால், அது உங்கட பிழையில்லை. மென்பொருளில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பு இயங்கேல்லை என்று அர்த்தம். கிம்பில் எங்களுக்கு அந்தப் பிரச்சினை வரேல்லை.

இவ்வளவும் கைவேலை. எங்கட உண்மையான பாடம் வேற இடத்தில வந்தது, அதுவும் எங்கட பிழையால.

இரண்டாம் மாதம், பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக முகநூலில் கண்ட ஒரு படத்தை இறக்கினோம். கசூரினாக் கடற்கரையில் பொழுதுபடுற நேரம். நல்ல பெரிய படம். கீழ் மூலையில் எடுத்தவரின் பெயர் சின்னதாக இருந்தது. 16:9 க்கு வெட்டும்போது அது போயிட்டுது. போனதை ஒருத்தரும் பெரிசாக எடுக்கேல்லை. நிறத்தைக் கொஞ்சம் ஏற்றி, எங்கட குழுவின் பெயரைப் போட்டு, "இலவச வோல்பேப்பர்" எண்டு பகிர்ந்தும் விட்டோம். மூன்றாம் நாள் ஒரு செய்தி வந்தது: "படம் வடிவா வந்திருக்கு. என்ர பெயர் எங்க?"

அயலூர்ப் பெடியன். எங்கட வயசு. அந்த வெளிச்சத்துக்காக மூன்று பின்னேரம் சைக்கிளில் போய் நிண்டிருக்கிறான். எங்களுக்கு வெட்கத்தில் என்ன எழுதுவதெண்டே தெரியேல்லை. "தானாகத்தான் வெட்டுப்பட்டது" எண்டு சொல்லலாம், உண்மையும் அதுதான். ஆனா அந்த இடத்தில் எங்கட பெயரைத் தானாக ஒருத்தரும் எழுதேல்லை. படத்தை எடுத்துவிட்டோம், மன்னிப்புக் கேட்டோம். ஏன் எடுத்தோம் என்பதையும் அதே பக்கத்தில் எழுதினோம்.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் பாதுகாக்குது. பதிவு செய்யத் தேவையில்லை, எடுத்த உடனேயே உரிமை எடுத்தவருக்கு. முகநூலில் கிடந்தது எண்டதால் அது பொதுச்சொத்து ஆகாது. மற்றவரின் படம்தான் வேணுமெண்டால் விக்கிமீடியா கொமன்சில் தேடலாம். ஆனா ஒவ்வொரு படத்துக்கும் கீழ உள்ள உரிமக் குறிப்பை வாசிக்கவேணும். பலதுக்குப் பெயர் போடுறது கட்டாயம். நிறம் மாற்றினால் மாற்றினது எண்டும் சொல்லவேணும். இதைச் சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லேல்லை. சைக்கிளில் போன அந்த மூன்று பின்னேரத்துக்கு நாங்கள் குடுக்கக்கூடியது ஒரு பெயர்தான். அதையும் வெட்டிவிட்டால் என்ன மிஞ்சும்?

"உதெல்லாம் ஆர் பார்க்கிறது? எல்லாரும் இப்ப போனில்தானே" எண்டு சில நண்பர்கள் பகிடி பண்ணினார்கள். சரி, போனுக்குச் செய்யுங்கோ. அப்ப நிமிர்த்திப் பிடிச்சு எடுங்கோ, மணிக்கூடு தெரியிற மேல் பக்கத்தை வெறுமையாக விடுங்கோ. வேலை ஒண்டுதான். இப்ப ஒரு வசனம் தட்டினால் கணினியே படம் செய்து தரும் எண்டும் சொன்னார்கள். தரும். ஆனா உங்கட ஒழுங்கையின் மூலையில் இருக்கிற மதகு அதுக்குத் தெரியாது.

நுவரெலியாவோ எண்டு கேட்ட பிள்ளை கடைசியில் செய்தது அம்மம்மா வீட்டுக் கிணத்தடி. விடியப்புறம் எடுத்தது, இடது பக்கம் முழுக்க வாழைநிழல், வலது பக்கத்தில் கிணத்துக்கட்டும் ஒரு வாளியும். எழுத்து ஒண்டும் போடேல்லை. மூலையில் மட்டும் தன்ர பெயரைச் சின்னதாக எழுதினாள். இரண்டு மாதத்தில் புது வீட்டு அத்திவாரத்துக்காக வாழையெல்லாம் வெட்டி, கிணத்துக்கட்டையும் உடைச்சாச்சு. படத்தைப் பார்த்த அம்மம்மா, "வாளியை ஒருக்காக் கழுவிப்போட்டு எடுத்திருக்கலாமேடி" எண்டு மட்டும் சொன்னாவாம்.

பழைய கணினியில் இப்ப அந்தக் கிணத்தடிதான் இருக்கு. புதிசா வாற பிள்ளைகள் "இது எந்த இடம்?" எண்டு கேட்டால் எங்களிட்டப் பதில் இருக்கு, எடுத்தவளின் பெயரும் இருக்கு. உங்கட கைபேசியைப் படுக்கையாகப் பிடிச்சுக்கொண்டு ஒருக்கா முற்றத்துக்கு இறங்குங்கோ. நீங்கள் செய்ததை எங்களுக்கும் அனுப்புங்கோ. வெட்டாமல், பெயரோட போடுவம்.